வாசகர் கேள்வி–பதில்: அறுபது நாளில் மறைந்த நூல்கள்

கேள்வி: என் மகள் பிறந்தநாள் பரிசாக ஒரு கிண்டில் வாங்கித் தந்தாள். மின்னூல் வாசிப்பான் என்ற கருவியை முதலில் கொண்டுவந்தது அமேசான்தானா, அதற்கு முன்பும் இப்படி ஏதேனும் இருந்ததா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கிண்டில் விற்பனைக்கு வந்தது 2007 நவம்பர் 19-ஆம் நாள். அதற்கு முன்பே பலர் இந்த முயற்சியில் இறங்கிப் பொருளையும் உழைப்பையும் இழந்திருந்தார்கள் என்பதால், அவர்களைச் சொல்லாமல் கிண்டிலின் கதையைத் தொடங்குவது முறையாகாது.

மின்னூலுக்குப் பிறந்தநாள் என்று ஒன்றைக் குறிப்பதானால் 1971 ஜூலை 4-ஐக் குறிக்கலாம். அன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற இளைஞர், தமக்குக் கிடைத்த கணினி நேரத்தைக் கொண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார். அந்தக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு வசதி இல்லாததால் முழு உரையும் பேரெழுத்திலேயே இருந்தது. குட்டன்பர்க் திட்டம் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் இலவச மின்னூலகம் அந்தச் சிறு கோப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

கையில் பிடித்துப் படிக்கும் கருவியாக, 1990-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் டேட்டா டிஸ்க்மேன் என்ற ஒன்றை வெளியிட்டது. எட்டு சென்டிமீட்டர் குறுந்தகட்டில் அகராதியும் கலைக்களஞ்சியமும் அடங்கியிருக்கும். கதை படிக்க உகந்த கருவி அன்று. நூல் படிப்பதற்கென்றே கலிஃபோர்னியாவில் இரண்டு கருவிகள் 1998-இல் வந்தன. நூவோமீடியா நிறுவனத்தின் ராக்கெட் இபுக் ஒன்று, சாஃப்ட்புக் மற்றொன்று. ராக்கெட் இபுக் அறுநூறு கிராமுக்கு மேல் எடையுள்ளது, சுமார் பத்து நூல்களை வைத்துக்கொள்ளக்கூடியது, விலை 499 டாலர். நூலைக் கணினியில் இறக்கி, பிறகு கம்பி வழியாகக் கருவிக்கு மாற்ற வேண்டும். சாஃப்ட்புக்கில் மோடம் உள்ளேயே இருந்ததால், வீட்டுத் தொலைபேசிக் கம்பியைக் கருவியில் செருகினால் நூல் நேரே வந்து இறங்கும். இரண்டையும் 2000-இல் ஜெம்ஸ்டார் என்ற நிறுவனம் வாங்கியது. 2003-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. ராக்கெட் இபுக்கை உருவாக்கிய மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்ப்பெனிங்கும் அதே 2003-இல் தொடங்கிய அடுத்த நிறுவனம் டெஸ்லா என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

திரையில் படிக்க மக்கள் விரும்பவில்லை, அதனால்தான் அந்தக் கருவிகள் தோற்றன என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2000 மார்ச்சில் ஸ்டீபன் கிங்கின் ‘ரைடிங் தி புல்லட்’ என்ற நெடுங்கதை அச்சில் வராமல் மின்வடிவில் மட்டும் வெளியானபோது, முதல் 24 மணி நேரத்திலேயே ஏறத்தாழ 4,00,000 பிரதிகளுக்குத் தேவை எழுந்தது. ஆகவே ஆர்வத்துக்குக் குறைவில்லை. கருவி கனமாக இருந்தது, திரை கண்ணை வருத்தியது, கடையில் நூல்கள் மிகக் குறைவு, இருக்கும் நூலைக் கருவிக்குள் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். கிண்டில் இந்தக் கடைசித் தொல்லையைத் தீர்த்தது. கைபேசி வலையில் நேரே இணைந்து, அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் நூலை இறக்கித் தந்தது. 399 டாலர் விலையில் வந்த முதல் கிண்டில்கள் ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்ததற்கு, முந்தைய பத்தாண்டில் மற்றவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம் என்றே சொல்வேன்.

கேள்வி: பக்கம் திருப்பும்போது என் கருவியின் திரை ஒரு கணம் முழுவதும் கறுத்துப் பிறகு வெளுக்கிறது. இது பழுதா? கைபேசியில் படித்தால் வராத நிம்மதி இதில் மட்டும் வருவது ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பழுது அன்று, அந்தத் திரை வேலை செய்யும் விதமே அதுதான். மின்தாள் எனப்படும் இந்தத் திரைக்குள் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிவான ஒரு திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளைக்கு ஒரு மின்னேற்றம், கறுப்புக்கு எதிர் மின்னேற்றம். கீழிருந்து கொடுக்கும் மின்புலத்தின் திசையைப் பொறுத்து ஏதேனும் ஒரு நிறம் மேலே வந்து நிற்கும், மற்றது அடியில் போய்ப் படியும். நின்ற துகள் மின்சாரத்தை நிறுத்தினாலும் நின்ற இடத்திலேயே இருக்கும். பக்கத்தை மாற்றும் கணத்தில்தான் மின்சாரம் செலவாகிறது என்பதால்தான் உங்கள் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது.

துகள்கள் எல்லாம் முழுமையாக இடம் மாறாவிட்டால், பழைய பக்கத்தின் எழுத்துகள் புதிய பக்கத்தின் அடியில் சிலேட்டில் சரியாக அழியாத சுண்ணக்கட்டிக் கோடுபோல மங்கலாகத் தெரியும். அதைத் துடைப்பதற்காகவே திரை ஒருமுறை கறுத்து, ஒருமுறை வெளுத்து, பிறகு புதிய பக்கத்தைக் காட்டுகிறது. தொடக்கக் காலக் கருவிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த இமைப்பு உண்டு. முதன்முதலில் ஒன்றைக் கையில் எடுத்தபோது நானும் இதைக் கண்டு திடுக்கிட்டேன். பத்துப் பக்கம் போன பிறகு, புத்தகத்தில் தாளைப் புரட்டும் இடைவெளிபோல அது பழகிவிட்டது. பிற்காலக் கருவிகள் சில பக்கங்களுக்கு ஒருமுறை மட்டும் இவ்வாறு துடைத்துக்கொள்கின்றன.

நிம்மதிக்கும் காரணம் உண்டு. கைபேசித் திரை தன் ஒளியை உங்கள் கண்ணுக்குள் நேரே பாய்ச்சுகிறது. மின்தாள் அச்சுத் தாளைப்போலச் சுற்றியுள்ள வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது. நண்பகல் வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தும் படிக்கலாம். அதே காரணத்தால், முதலில் வந்த மின்தாள் கருவிகளை இருட்டில் படிக்க மேசைவிளக்கு தேவைப்பட்டது. திரையின் விளிம்பிலிருந்து தாள்மேல் ஒளியைப் பரப்பும் வகைகள் பரவலானது 2012-க்குப் பிறகுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஜோசஃப் ஜேக்கப்சன் குழுவினர் உருவாக்கி, 1997-இல் இ இங்க் என்ற நிறுவனமாக்கிய நுட்பம் இது.

கேள்வி: ஜப்பானில் கைபேசியிலேயே நாவல் எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: உண்மைதான். 1999 பிப்ரவரியில் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் ஐ-மோட் என்ற கைபேசி இணையச் சேவையைத் தொடங்கியது. தொடுதிரைக் கைபேசிகள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜப்பானிய இளைஞர்கள் ரயிலில் நின்றபடி கைபேசியில் செய்தி படித்தார்கள், கதை படித்தார்கள்; எண் பொத்தான்களை அழுத்தியே சிலர் தொடர்கதை எழுதவும் தொடங்கினார்கள். சிறிய திரைக்கேற்ப வாக்கியங்கள் சிறுத்தன, பேச்சு மிகுந்தது, வருணனை குறைந்தது. 2007-இல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து இப்படிக் கைபேசியில் பிறந்து பின்னர் அச்சேறியவை. இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள் என்றாலும், அதற்கு முன் புத்தகக் கடைப்பக்கம் போகாதவர்கள் பலர் அந்த நாவல்களுக்காகப் போனார்கள் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

கேள்வி: மின்னூலுக்குப் பணம் கட்டுகிறோம். ஆனால் அது நம்முடைய பொருள் இல்லை, கடைக்காரர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று என் தம்பி சொல்கிறான். அப்படி எங்காவது நடந்திருக்கிறதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கிறது.

மின்தாள் திரையுடன் கடைக்கு வந்த முதல் வாசிப்பான் சோனியின் லிப்ரியே. 2004 ஏப்ரலில் ஜப்பானில் வெளியானது. நான்கு சிறு பேட்டரிகளில் ஓடும். விலை சுமார் 40,000 யென். ஆறங்குலத் திரையில் எழுத்து அச்சுப்போல் நின்றதைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் அதற்காக இறக்கிய நூல் அறுபது நாள் மட்டுமே திறக்கும், அதன்பின் பூட்டிக்கொள்ளும். நூலைக் கொடுத்தவர்கள் அதை வாடகை என்றார்கள். பாதியில் நிறுத்திய நாவலை மூன்று மாதம் கழித்து எடுத்துத் தொடரும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பழக்கத்துக்கு அக்கருவியில் இடமே இல்லை. அருமையான ஒரு திரை தன் சொந்த நாட்டிலேயே வேரூன்றாமல் போனதற்கு இந்த நிபந்தனையே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

அடுத்தது 2009 ஜூலை. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் கிண்டில் பதிப்புகளை அமேசான் கடையில் ஏற்றியவரிடம் அமெரிக்காவில் அவற்றை விற்கும் உரிமை இல்லை என்று தெரியவந்தது. உடனே நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டில் இருந்த கருவிகளிலிருந்தே அந்த நூல்களைத் தொலைவிலிருந்து அழித்துவிட்டது. பள்ளிப் பாடத்துக்காக அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், வரிகளைச் சுட்டிக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் போன பிறகு, அந்தக் குறிப்புகள் எந்த வரியைச் சுட்டின என்பது விளங்காமல் போயிற்று. வழக்குத் தொடரப்பட்டது, தலைவர் ஜெஃப் பெசோஸ் அதே மாதத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது, 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது நடந்தது. அங்கே வாங்கிய எல்லா நூல்களும் அந்த ஆண்டு ஜூலையில் திறக்காமல் போயின. பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள்.

இந்தக் கடைகளில் பெரும்பாலும் நாம் பணம் கொடுத்துப் பெறுவது நூலைப் படிக்கும் உரிமம்தான். அதைப் பக்கம் பக்கமாக நீளும் நிபந்தனைகளுக்குள் புதைத்துவிட்டு, பொத்தானில் மட்டும் ‘வாங்குக’ என்று எழுதுவது முறையன்று என்பதை இந்தப் பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன், திரும்பவும் எழுதுவேன். உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சில பதிப்பகங்கள் இபப் என்ற மின்னூல் வடிவத்தில், பூட்டில்லாத கோப்பாகவே நூலைத் தருகின்றன. 2007-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட இந்த வடிவத்தைப் பல நிறுவனங்களின் கருவிகளும் படிக்கும். கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கி, ஒரு படியைக் கணினியிலும் இன்னொன்றை வெளி வட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர்க் கோயில்கள், பள்ளிக்கூடங்கள் பற்றி 2001-ஆம் ஆண்டளவில் கணினியில் தட்டி வைத்த கட்டுரைகள் இப்போது திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அவை அழிந்துவிட்டனவா? அவற்றை மின்னூலாக்க முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, கவலை வேண்டாம். ஓர் எழுத்தும் அழியவில்லை. நீங்கள் குறிப்பிடும் காலத்தையும் ஊரையும் பார்த்தால், பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக வரும் இடம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அது ‘தமிழ்’ என்ற சொல்.

அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ் தெரியும். அது போனால் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடும். உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் நூல்களை முதலில் பழைய குறியீடுகளில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறிய ஒன்றுதான்.

கருவிகள் பக்கமும் சிக்கல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த வாசிப்பானில் முதன்முதலில் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தபோது, பக்கம் முழுக்க வெற்றுக் கட்டங்கள் நிரம்பி நின்றதைப் பார்த்து அன்று எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது. பிறகு கணினியில் ஒன்பதுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று திரையின் அளவுக்கே பக்கத்தை அமைத்து, பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிப் படித்தேன். தமிழ் நூல்கள் கிண்டில் கடையில் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில்தான்.

உங்கள் கோப்புகளைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் கொம்பு வரும் இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தைப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டியிருப்பீர்கள். யூனிகோடோ ககரத்தை முன்னே வைத்து உயிர்க்குறியைப் பின்னே வைக்கிறது. மாற்றி தடுமாறினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் தமிழாகத் திரிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். திருத்தி முடித்ததை வெறும் உரைக்கோப்பாக ஒரு படி வைத்துக்கொண்டு, அதிலிருந்து இபப் தயாரியுங்கள். பழைய மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

ஈழத்து எழுத்துகளைச் சேகரித்து யாவரும் படிக்கும்படி வைத்திருக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005-இலிருந்து இயங்கிவருகிறது. உங்கள் கட்டுரைகள் ஊர் வரலாறு என்பதால் அவர்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று அச்சில் எவையேனும் வீட்டில் இருந்தால், உரிய அனுமதியோடு அவற்றையும் வருடி (ஸ்கேன் செய்து) சேர்த்து அனுப்புங்கள்.