ரீ: முதல் பிஆர் (புல் ரிக்வெஸ்ட்) மெர்ஜ் ஆனதும் மேலே உள்ள இரண்டிலும் கான்ஃப்ளிக்ட்

லாகின் கிளை, அதன் மேல் ஃபார்ம், அதற்கும் மேல் டெஸ்ட் என்று அடுக்கியிருந்தீர்கள், லாகின் மெயினில் சேர்ந்ததும் மற்ற இரண்டிலும் பழைய கமிட்டெல்லாம் (சேமித்த மாற்றங்கள்) திரும்ப வந்து முட்டுகிறது என்கிறீர்கள், அது கிளையின் கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜின் வேலை நண்பரே. மெயினில் இருப்பது புது கமிட், கிட்டுக்கு அதுவும் உங்களுடையதும் வேறுவேறு. மெயினை புல் செய்துவிட்டு, உச்சியில் உள்ள டெஸ்ட் கிளையில் நின்றுகொண்டு இதை ஓட்டுங்கள்:

கிட் ரீபேஸ் --அப்டேட்-ரெஃப்ஸ் --ஆன்ட்டு மெயின் லாகின்

லாகின் வரைக்கும் உள்ளதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மெயின் மேல் வைக்கும், நடுவில் உள்ள ஃபார்மும் கூடவே நகரும் (கிட் 2.38 வேண்டும், 2022-இல் வந்தது). லாகின் கிளையை அழித்துவிட்டீர்களா? ரீஃப்ளாகில் (கிட் வைத்திருக்கும் நகர்வுக் குறிப்பு) அதன் கடைசி கமிட்டைத் தேடி, கட்டளையில் லாகின் என்ற இடத்தில் கொடுங்கள். அப்புறம் ஃபார்ம், டெஸ்ட் இரண்டையும் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டு புஷ் பண்ணுங்கள், நடுவில் வேறு யாராவது தள்ளியிருந்தால் அது மறுத்துவிடும். வெள்ளிக்கிழமை பெங்களூரு மடிவாளாவில் ஊர் பஸ் பிடிக்கிற அவசரத்தில்கூட வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், டீமில் யாராவது நடுவில் தள்ளியது காணாமல் போகும்.