ஞாயிறு காலை டியூஷனா, மறைக்கல்வியா?

கேள்வி: மகன் தரம் 5 படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூஷன் ஞாயிறு காலையில் வைக்கிறார்கள். கோயிலில் மறைக்கல்வியும் (கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு) அதே நேரம்தான். பரீட்சை முடியும்வரை மறைக்கல்வியை நிறுத்தலாமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. முதலில் அதே வகுப்புக்கு வரும் மூன்று நான்கு கத்தோலிக்கப் பெற்றோர் சேர்ந்து டியூஷன் ஆசிரியரிடம் பேசுங்கள். ஒருவராகப் போனால் நேரம் மாறாது, சேர்ந்து போனால் பின்னேரத்துக்காவது தள்ளிவைப்பார். அவரால் முடியாவிட்டால், பூசை முடிந்த கையோடு மறைக்கல்வி வகுப்பை வைக்க முடியுமா என்று பாதரிடம் கேளுங்கள்.

பரீட்சையையும் கொஞ்சம் பாருங்கள். முதல் தாளில் 40 வினா, ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் 60 வினா, ஒன்றேகால் மணித்தியாலம். மொத்தம் 200 புள்ளி. கணக்குத் தெரிந்த பிள்ளையும் வினாவை முழுதாக வாசிக்காமல் புள்ளியை விட்டுவிடும். வாசிப்புக்கு வீட்டிலேயே வழி உண்டு. சனி இரவு, மறுநாள் பூசையில் வரும் நற்செய்தியை மகன் சத்தமாக வாசிக்கட்டும். யார், எங்கே, ஏன் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கால் மணித்தியாலம் போதும்.

உதாரணத்துக்கு, லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவரான சக்கேயு வருகிறார். உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். அவரிடம் 200 காசு இருந்தது, 20 காசு ஏமாற்றி வாங்கியிருந்தார் என்று வையுங்கள். மிச்சம் எவ்வளவு? அவசரப்படும் பிள்ளை 100இல் 20ஐக் கழித்து 80 என்று எழுதும். ‘நான்கு மடங்கு’ என்ற இடத்தில் நின்று வாசித்த பிள்ளை 80ஐக் கழித்து 20 என்று எழுதும். விடை வந்ததும் கொப்பியை மூடச் சொல்லி, “இவ்வளவையும் கொடுக்க அவருக்கு எப்படி மனசு வந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கட்டும், நீங்கள் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். வாராவாரம் நற்செய்தியைக் கணக்குப் புத்தகமாக்கவும் வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு இந்த வருஷம் ‘முதல் நன்மை’, அதாவது பூசையில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிறாள். செபமெல்லாம் மளமளவென்று சொல்கிறாள், அர்த்தம் கேட்டால் முழிக்கிறாள். நாங்கள் இருவரும் விடியவே பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிறவர்கள். தோட்டத்திலிருந்து கோயிலுக்கு ஒரு மணித்தியால நடை. வெறும் வயிற்றோடுதான் போகவேண்டும் என்கிறார் மாமியார்.
– ஒரு தந்தை, பொகவந்தலாவை

பதில்: சாப்பாட்டுப் பிரச்சினை இலகுவானது. நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது மாமியார் சின்ன வயதில் கற்ற பழைய ஒழுங்கு. 1964இல் அது ஒரு மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். குளிரில் மலை ஏறி இறங்கும் பிள்ளைக்குப் புறப்படுமுன் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தே அனுப்புங்கள்.

செபத்தை முழுதாக ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். கர்த்தர் கற்பித்த செபத்தில் ஓர் இரவுக்கு ஒரு வரி. “உமது திருவுளம்” என்ற இடத்தில் நிறுத்தி, திருவுளம் என்றால் என்ன என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ‘கடவுளுடைய விருப்பம்’ என்று சொல்லி, மறுநாள் அவளுடைய சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சமைக்கும் நேரத்திலேயே இதைச் செய்யலாம்.

முதல் நன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் (பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) உண்டு. இங்கேதான் பெரியவர்கள் தவறுகிறார்கள்: பாவப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பு முழுதும் “பொய் சொன்னேன், சண்டை பிடித்தேன்” என்று ஒரே பாட்டுப் பாடும். அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். படுக்குமுன், “இன்றைக்கு யாருடைய மனசை நோகடித்தாய்?” என்று கேட்டுவிட்டு, பதிலை வெளியே சொல்லக் கட்டாயப்படுத்தாமல் விடுங்கள். அவளே யோசித்துப் பழகட்டும்.

கேள்வி: நாங்கள் சைவர்கள். மகளைக் கத்தோலிக்கப் பாடசாலையில் தரம் 1இல் சேர்த்தால் மதம் மாற்றிவிடுவார்களோ?
– ஒரு தாய், பண்டாரவளை

பதில்: அந்தப் பயம் வேண்டாம். யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்கப் பெயரோடு இருக்கும் பல பாடசாலைகள் 1960, 1961 சட்டங்களால் அரசுக்குப் போனவை. அரச பாடத்திட்டப்படி பிள்ளைக்கு அவளுடைய சமயமே பாடம், உங்கள் மகளுக்குச் சைவநெறி. ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் உண்மையான பிரச்சினை. சைவப் பிள்ளைகள் குறைவான வகுப்பில் அந்தப் பாடவேளை சும்மா போய்விடலாம். சேர்க்கும்போதே அதிபரிடம் கேளுங்கள்: சைவநெறி யார் எடுக்கிறார், வாரத்தில் எத்தனை பாடவேளை, காலைச் செபத்தின்போது பிள்ளை மௌனமாக நிற்கலாமா?