மகள் சினிமாவுக்குப் போகட்டும், வீட்டை அடகு வைக்க வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நீங்கள் கண்கலங்கி நின்றபோது ஆறுதலாக நாலு வார்த்தை மட்டும்தான் சொன்னேன். லண்டன் ஹாரோவில் கடன் கட்டி ஒரு வீடு, கடையில் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் கணவர், பதினேழு வயதில் "எனக்கு மெடிசின் வேண்டாம், பிலிம்தான்" என்று சொல்லும் மகள். கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்த பிறகு, ஆறுதலைவிட உங்களோடு கொஞ்சம் வாதாடுவதுதான் உதவி என்று பட்டது.

மெடிசின் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிள்ளை ஏ லெவலில் எடுத்திருப்பது கணக்கு, பொருளியல், ஆங்கிலம். இந்த நாட்டில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கெமிஸ்ட்ரி கேட்கின்றன. டாக்டராகத்தான் வர வேண்டும் என்று அவளுடைய பெரியப்பா சொல்கிறபடி நடக்க வேண்டுமென்றால் அவள் திரும்ப ஏ லெவலில் இருந்து தொடங்க வேண்டும், அதன்பின் குறைந்தது ஐந்து வருடம். அவளுக்கு அதில் விருப்பமும் இல்லை. விருப்பமில்லாத பிள்ளையை நோயாளியின் கட்டிலருகே நிறுத்துவது பிள்ளைக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. பெரியப்பாவுக்கு மரியாதை கொடுங்கள், இந்த முடிவைக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் எனக்குப் பயம் தந்தது உங்கள் இரண்டாவது திட்டம்தான். "சரி, பிலிம் என்றால் பிலிம், ஆனால் பெரிய டைரக்டராக வரட்டும்" என்று சொல்லி, வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுத்து, தனியார் பிலிம் ஸ்கூலில் டைரக்‌ஷன் படிக்க விடப் போகிறீர்கள் என்றீர்களே. வேண்டாம். இதில் நான் இறங்கிவர மாட்டேன். டைரக்‌ஷன் பட்டம் வாங்கியவர்களுக்கென்று யாரும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அதோடு, உங்கள் மகள் டைரக்டராக வேண்டுமென்று என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அரை மணித்தியாலம் அவளோடு கதைத்தேன். பள்ளியில் எடுத்த குறும்படத்தில் கமராவைப் பிடித்தது வேறு பிள்ளை. இவள் வைத்திருந்தது ஒரு கொப்பி. 340 பவுண்ஸ், ரயில் காசு, சான்ட்விச், லைட் வாடகை என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறாள். மூன்றாம் நாளே காசு போதாமல் போகும் என்று கண்டு ஒரு காட்சியைக் குறைக்கச் சொன்னதும் இவள்தான். என்னிடம் கேட்ட கேள்வி: "ஆன்ட்டி, படம் ஓடாட்டி முதல்ல ஆருக்குக் காசு திரும்பிப் போகும்?" கனவு காண்கிற பிள்ளை கேட்கும் கேள்வி இல்லை இது. தொழிலுக்குப் பொருத்தமான பிள்ளை கேட்கும் கேள்வி. படம் எடுக்கும் காசுக்குக் கணக்கு வைக்கும் அந்தத் தொழிலுக்குப் பெயர் புரொடக்‌ஷன் அக்கவுண்டன்ட். உங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அது ஏன் முக்கியம் என்று விளங்க வேண்டுமென்றால் இங்கே ஒரு சின்னப் படத்துக்குக் காசு எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். 20 லட்சம் பவுண்ஸ் செலவில் ஒரு பிரிட்டிஷ் படம் என்று வையுங்கள். அதற்கு ஒரே முதலாளி கிடையாது. லாட்டரிக் காசிலிருந்து பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட், அதாவது பிஎஃப்ஐ, ஒரு பங்கு போடலாம். டிவி நிறுவனங்களின் படப் பிரிவுகளான பிபிசி பிலிமோ பிலிம்4-ஓ ஒரு பங்கு போடலாம். அதில் கொஞ்சம் முதலீடு, கொஞ்சம் டிவியில் காட்டும் உரிமைக்கான விலை. வெளிநாட்டு உரிமைகளை விற்றுத்தரும் சேல்ஸ் ஏஜென்ட் ஒரு முன்பணம் தரலாம். வரிச் சலுகைக்காகப் பணம் போடும் தனி ஆட்களும் உண்டு. மிச்சத்தை அரசாங்கத்தின் வரிக் கழிவு, அதாவது செலவில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தருவது, நிரப்புகிறது.

அந்தக் கழிவைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உங்கள் மகளின் எதிர்காலம் அதற்குள்தான் இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் படப்பிடிப்புத் தொடங்கிய சிறிய படங்களுக்கு 53 சதவீதக் கழிவு வந்திருக்கிறது. முக்கியச் செலவு, அதாவது ஆயத்தம், படப்பிடிப்பு, எடிட்டிங் போன்ற செலவு, 1.5 கோடி பவுண்ஸ் வரைக்கும்தான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 80 சதவீதம் வரைக்கும்தான் கழிவு கேட்கலாம். நம் 20 லட்சமும் இங்கேயே செலவான முக்கியச் செலவு என்றால் 16 லட்சத்துக்குக் கணக்குப் போட வேண்டும்: 8,48,000 பவுண்ஸ். அதற்கு 25 சதவீத வரி போக, கையில் 6,36,000. படத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! ஆனால் இந்தக் காசு படம் எடுக்கும்போது வராது. செலவழித்து, கணக்குக் காட்டி, வரித் திணைக்களம் ஏற்ற பிறகே வரும். அதுவரைக்கும் அதை ஈடாகக் காட்டி வட்டிக்குக் கடன் எடுத்துத்தான் படப்பிடிப்பை நடத்துவார்கள். கணக்கில் பிழை என்றால் அந்தக் கடன் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கும் சும்மா கூட்டல் கழித்தல் இல்லை. அமெரிக்க நடிகர் லண்டனில் வந்து நடித்தால் அவர் சம்பளம் பிரிட்டிஷ் செலவு. லண்டன் லைட்மேன் மொரோக்கோவில் போய் வேலை செய்தால் அந்தச் சம்பளம் பிரிட்டிஷ் செலவு இல்லை. வேலை எங்கே நடந்தது என்பதுதான் சட்டம் பார்ப்பது. படம் எடுப்பது உறுதியாகும் முன் கதையை உருவாக்கச் செய்த செலவு, விளம்பரச் செலவு, கடன் வட்டி எல்லாம் முக்கியச் செலவில் சேராது. ஒவ்வொரு ரசீதையும் அது வந்த அன்றே சரியான பெட்டியில் போட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளின் வாரம் இப்படிப் போகும். காலையில் ஆர்ட் டிபார்ட்மென்ட், உடைப் பிரிவு ஆட்களுக்குச் சில்லறைச் செலவுக்காசு. பின்னேரம் கசங்கிய ரசீதுகள் திரும்பி வரும். வாரம் தவறாமல் நூறு பேருக்குச் சம்பளம், ஓவர்டைம், வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ். வார முடிவில் காஸ்ட் ரிப்போர்ட்: ஒதுக்கியது எவ்வளவு, செலவழிந்தது எவ்வளவு, வாக்குக் கொடுத்தது எவ்வளவு, முடிக்க இன்னும் எவ்வளவு வேண்டும். காசு போட்ட எல்லாரும் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்கள். மழை பெய்து ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால், அவசரத்துக்கென்று ஒதுக்கிய பத்து சதவீதத்தில் எவ்வளவு கரைந்தது என்று அன்றிரவே சொல்ல வேண்டும். டைரக்டர் கிரேன் கேட்டால் தயாரிப்பாளர் திரும்பிப் பார்ப்பது இவர் முகத்தைத்தான். உங்கள் மகள் மூன்றாம் நாள் காட்சியைக் குறைத்தாளே, அதே வேலை.

படம் முடிந்த பிறகு அது ஆட்களிடம் போய்ச் சேரும் கதையும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவள் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில். பத்து பவுண்ஸ் டிக்கெட்டில் 1.67 வாட் வரி. மிச்சத்தில் சின்னப் படம் என்றால் பெரும்பாலும் பாதிக்கு மேல் தியேட்டருக்கு. விநியோகஸ்தர் தன் கமிஷனையும், போஸ்டர், டிரெய்லர், விளம்பரம் என்று போட்ட காசையும் முதலில் எடுப்பார். அதன்பின் சேல்ஸ் ஏஜென்ட், பிறகு கடன் கொடுத்தவர், கடைசியில்தான் முதலீடு போட்டவர்கள். வெள்ளிக்கிழமை வெளிவந்த படம் அடுத்த வாரம் ஓடுமா என்பதைத் திங்கட்கிழமையே தியேட்டர்காரர்கள் அந்த மூன்று நாள் வசூலைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாத படங்களுக்கு விழாவும் விமர்சனமும், டைரக்டர் ஊர் ஊராகப் போய் ரசிகர்களோடு கதைப்பதும்தான் விளம்பரம்.

சிலர் வேறு வழியும் கண்டார்கள். 2013 ஜூலை 5 அன்று 'எ ஃபீல்ட் இன் இங்லன்ட்' என்ற படம் தியேட்டர், டிவிடி, இணையம், பிலிம்4 டிவி எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. செலவு சுமார் 3 லட்சம் பவுண்ஸ்தான். நாலு இடத்துக்கும் நாலு தனி விளம்பரம் செய்யக் காசில்லாதபோது, ஒரே விளம்பரம் நாலு வாசலுக்கும் ஆளைக் கூட்டிவந்தது. அப்படி யோசிக்கக் கணக்குத் தெரிந்த தலை வேண்டும்.

இனிச் செலவு. சாதாரணப் பல்கலைக்கழகமே 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண்ஸ் வரை கட்டணம் வாங்கியது, தங்குமிடம் வேறு. நான் சொல்லும் வழியில் நீங்கள் கல்விக்கட்டணம் கட்டவே வேண்டாம். ஏ லெவல் முடிந்ததும் ஏஏடி கணக்கியல் தகுதியை அப்ரென்டிஸ்ஷிப்பில் செய்யட்டும். வேலை, சம்பளம், படிப்பு மூன்றும் சேர்ந்து வரும். பிறகு ஸ்கிரீன்ஸ்கில்ஸ், புரொடக்‌ஷன் கில்ட் போன்ற சினிமாத் தொழில் அமைப்புகள் நடத்தும் புரொடக்‌ஷன் அக்கவுண்டன்ட் பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வேலைக்கு ஆட்கள் போதாது என்று தொழிலில் இருப்பவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சினிமா சரிவராவிட்டாலும் அந்தக் கணக்குத் தகுதியை எந்த ஊரிலும் எந்த அலுவலகத்திலும் மதிப்பார்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஒரு படம் முடிந்து அடுத்தது வரும் வரை சில வாரம் வேலையில்லாமல் இருக்கலாம். படப்பிடிப்பு நடக்கும்போது இரவில் பிந்தித்தான் வீடு வருவாள். அதற்கு நீங்களும் பழக வேண்டும். "அனுபவம் கிடைக்கும், சம்பளம் இல்லை" என்று யாராவது மாதக்கணக்கில் வேலை வாங்கப் பார்த்தால் விடாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் சினிமாவுக்கும் உண்டு. கார் லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், ஊருக்கு வெளியே விடியற்காலையில் தொடங்கும் படப்பிடிப்புக்கு ரயிலை நம்ப முடியாது. வீட்டின் மேல் எடுக்க நினைத்த கடனில் எனக்குச் சரியென்று பட்ட ஒரே செலவு அந்த டிரைவிங் பாடங்கள்தான். அதற்குக் கடனும் தேவையில்லை.

வரும் சனிக்கிழமை பிள்ளை அந்தக் கொப்பியோடு வரட்டும். அப்ரென்டிஸ்ஷிப் விண்ணப்பத்தை அதைப் பார்த்தே எழுதத் தொடங்குவோம். கணவரையும் கடையிலிருந்து ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரியப்பா இந்த முறை வர வேண்டாம்.