கம்பியை விட்ட பிறகும் நிற்கும் கால்

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு ஆண்டுகளாக வாரம் இருமுறை பாலே நடனம் கற்று வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஆசிரியர் என்னை இடைநிலை வகுப்புக்கு மாற்றினார். கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளில் குறையில்லை. ஆனால் கம்பியில்லாமல் நடுத்தளத்தில், ஒற்றைக்காலில் சுழலும் பிருவெட் சுற்றும்போது தடுமாறிக் காலை ஊன்றிவிடுகிறேன். அசைவு வரிசையும் மறந்துபோகிறது. தொடக்கநிலைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: முழுவதுமாகத் திரும்ப வேண்டாம், இரு வகுப்புகளில் ஒன்றை மட்டும் சில மாதங்களுக்குத் தொடக்கநிலை வகுப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை சென்றிருப்பவை ஏறக்குறைய 200 வகுப்புகள். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்கிலுள்ள வகனோவா பாலே பள்ளியில் 10 வயதை ஒட்டிச் சேரும் பிள்ளைகளுக்கே பயிற்சி எட்டு ஆண்டுகள் நீள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று மாதத் தடுமாற்றத்துக்காக நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை.

கம்பியருகே குறையில்லை என்கிறீர்களே, நான் முதலில் ஐயப்படுவது அதைத்தான். ஒரு காலின் விரல்நுனி மறுகாலின் முழங்காலைத் தொட்டிருக்கும் பாஸே நிலையில் நிற்கும்போது, கம்பியிலுள்ள உங்கள் கையைப் பாருங்கள். விரல்கணுக்கள் வெளுத்திருந்தால், உடலின் எடையில் ஒரு பங்கைக் கைதான் சுமக்கிறது என்று பொருள். கையை மெல்ல எடுத்து நான்கு எண்ணிக்கை நில்லுங்கள். உடல் சாய்ந்தால், முழங்காலைத் தூக்குவதற்கு முன்பே எடை முழுவதும் நிற்கும் காலின் மேல் வந்துசேரவில்லை. பிருவெட்டில் நீங்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் இதனால்தான். பிழை சுற்றில் இருப்பதில்லை, சுற்றுக்கு முந்தைய நொடியில் இருக்கிறது: ஒரு பாதம் மற்றதன் முன்னே இடைவெளிவிட்டு நிற்க, முழங்கால்களை மடக்கும் நான்காம் நிலைப் பிளியேயில் எடை பின்காலில் தங்கிவிட, சுற்ற வேண்டுமென்ற ஆவலில் தோள்கள் முந்திக்கொள்கின்றன. ஆகவே இரண்டு வாரங்களுக்குச் சுற்றவே சுற்றாதீர்கள். பிளியேயிலிருந்து நேராக மேலெழும்பி, குதிகால் உயர்ந்த பாஸேயில் அசையாமல் நின்று, ஓசையில்லாமல் இறங்குங்கள். அது உறுதிப்பட்டபின் கால்பங்குச் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று என்று கூட்டுங்கள். பார்வை ஒரே புள்ளியில் இயன்றவரை தங்கி, தலை கடைசியாகத் திரும்பி முதலில் வந்துசேர வேண்டும்.

பாதங்களை வெளிப்புறம் திருப்புவதில் மட்டும் பிடிவாதம் காட்டாதீர்கள். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் பிறக்க வேண்டும். இடுப்பு தராததைப் பாதத்தில் வலிந்து பெற முயன்றால் உள்ளங்கால் வளைவு உட்புறம் சரிந்து, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பிளியேயில் முழங்கால் கால்விரல்களுக்கு நேர்மேலே வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்து, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசை மறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்கள்தாம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் பாரிசில் நடனக் கழகம் நிறுவிய காலத்தில் வேரூன்றிய பிரெஞ்சுச் சொற்களே இன்றும் எங்கும் வழங்குகின்றன. இடைநிலையில் ஆசிரியர் அவற்றை ஒருமுறை சொல்லிவிட்டு இசையைத் தொடங்கிவிடுவார். அவர் சொல்லும்போதே கைகளால் அசைவைக் குறித்துக்கொண்டு, பெயரை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். முதலில் கால்களும் திசையும் மனத்தில் பதியட்டும். கைகளின் அழகை அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம்.

முழங்காலின் உட்புறத்திலோ குதிகால் தசைநாணிலோ வலி தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான முனைக்காலணி பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆயினும் கையை விட்டுப் பாஸேயில் நிற்க முடியாதவரை அதை வாங்க வேண்டாம்.