தொண்டு நிறுவனத்தில் புகார் சொன்னவர்

வணக்கம்,

ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர், பயிற்சி முகாம் வருகைப் பதிவேட்டில் பல கையெழுத்துகள் ஒரே ஆள் போட்டவை போல இருப்பதாக இயக்குநரிடம் சொன்னார். அடுத்த மாதமே அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது, முறைகேட்டைச் சொல்பவர்களைப் பாதுகாக்கும் கொள்கையை என்னை எழுதச் சொல்கிறார்கள். 'ரகசியம் காக்கப்படும், பழிவாங்கல் கூடாது' என்று இரண்டு பத்தி போதுமாம். போதுமா?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. இயக்குநரின் பொறுப்பில் நடந்ததைப் பற்றிய புகார் இயக்குநரிடமே போயிருக்கிறது, மாற்றல் உத்தரவும் அநேகமாக அவருடையதுதான். அவரைத் தாண்டிப் புகார் போக ஒரு வழி, அதாவது குழுவில் சம்பளம் வாங்காத ஒருவரோ வெளியாள் ஒருவரோ இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

ரகசியம் என்பதை யோசித்து எழுதுங்கள். அந்தப் பதிவேட்டைப் பார்ப்பவர்களே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பெயரை மறைத்தாலும் விஷயத்தைச் சொன்னதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் எல்லா முகாம்களின் பதிவேடுகளையும் வழக்கமான தணிக்கை போல எடுத்துப் பார்ப்பது நல்லது, அப்போது விசாரணை ஒரு மேஜையை மட்டும் சுட்டிக்காட்டாது.

பழிவாங்கல் என்றதும் எல்லோரும் வேலைநீக்கத்தை நினைக்கிறார்கள். தொண்டு நிறுவனத்தில் அது அப்படி வராது. பலரும் திட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தம் முடியும்போது 'நிதி இல்லை' என்றால் போதும், அப்புறம் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதற்கு முன்பே கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுபோகும், 'நாலு பேருக்கு நல்லது நடக்கிற இடத்தின் பேரைக் கெடுக்கலாமா' என்று நல்லவர்களே வந்து அறிவுரை சொல்வார்கள். என்னைக் கேட்டால் மிரட்டலைவிட இதுதான் அதிகம் பேரை வாயடைக்கிறது.

முறைகேட்டைச் சொல்பவர்களைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த சட்ட ஆணை இதை ஓரளவு புரிந்துகொண்டது. புகார் கிடைத்ததை 7 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும், 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும், தன்னார்வலர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. முக்கியமாக, புகார் சொன்னவருக்குப் பாதகம் நேர்ந்து வழக்கு வந்தால், அது புகாரால் அல்ல என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் சட்டம் கேட்காவிட்டாலும் இந்தக் கடைசி விதியை உங்கள் கொள்கையில் வையுங்கள். புகாருக்குப் பிறகு ஓராண்டுக்கு அவருடைய மாற்றல், ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் குழுவின் ஒப்புதலோடுதான் மாற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சந்தேகம் தவறாகிப்போனாலும் பாதுகாப்பு உண்டு, பொய்யென்று தெரிந்தே சொன்னால் மட்டும் இல்லை என்பதும் வேண்டும்.

'தணிக்கையில் தெரிந்துவிடுமே' என்று யாராவது சொல்வார்கள். மோசடித் தணிக்கையாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ தகவல் சொன்னதால் வெளிவந்தவை, சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள்.

சரி, கொள்கை எழுதி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அசல் பதிவேடுகளை இப்போதே குழுவின் பொறுப்பில் எடுத்து வையுங்கள். மாற்றலுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் பழைய இடத்துக்குத் திரும்ப விருப்பமா என்று நேரில் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம், அதே இயக்குநரின் கீழ்தானே உட்கார வேண்டும்.