தூக்கி நிறுத்துவதா, தானே எழ விடுவதா?

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் குடும்பத்தினர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. இரண்டு கால்களிலும் இறுக்கம் உள்ளது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்கிறேன். முக்கால் மணி நேரமும் அவனைப் படுக்கவைத்துக் கால்களை நீட்டி மடக்குகிறார்கள்; அவன் அழுதுகொண்டே இருக்கிறான். ஒன்றரை ஆண்டாகியும் பெரிய மாற்றம் இல்லை. இன்னும் சில நாள்களைக் கூட்ட வேண்டுமா?

பதில்: நாள்களைக் கூட்டுவதற்கு முன், அந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் மகன் தன் முயற்சியால் செய்யும் அசைவு எவ்வளவு என்று ஒரு நாள் அருகிலிருந்து பாருங்கள். பெருமூளை வாதத்தில் பாதிப்பு ஏற்பட்டிருப்பது கால்களில் அல்ல, வளர்ந்துகொண்டிருந்த மூளையில். அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் தசைகளைத் தளரச் செய்யும் கட்டளை சரிவர வந்து சேராததால் அவை விறைத்தே இருக்கின்றன. எலும்பு நீளும் வேகத்துக்கு அந்தத் தசைகளால் ஈடுகொடுக்க முடியாமல் போக, குதிகால் மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்புகிறது. அசைவைக் கற்க வேண்டியது மூளைதான். எந்தக் குழந்தையின் மூளையும் தானே முயன்று, தடுமாறி, மறுபடி முயன்றுதான் கற்கிறது. பிறர் ஆயிரம் முறை நீட்டி மடக்கிவிட்ட காலிலிருந்து எழுந்து நிற்கும் வித்தையை அது பெற்றுக்கொள்வதில்லை.

1940-களில் லண்டனில் பெர்த்தா போபாத் என்ற இயன்முறை மருத்துவரும் அவருடைய கணவர் மருத்துவர் கரேல் போபாத்தும், குழந்தையின் உடலைக் கைகளால் வழிநடத்தி அசைவைச் சீராக்கும் முறையை உருவாக்கினார்கள். இக்குழந்தைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில் கதவைத் திறந்தவர்கள் என்ற மரியாதை அவர்கள் மீது எனக்கு எப்போதும் உண்டு. இருப்பினும் பின்னாளில் வந்த ஆய்வுகள், குழந்தைக்கு வேண்டிய ஒரு செயலை இலக்காக வைத்து, அந்தச் செயலையே அது தானாகத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சிதான் கூடுதல் பலன் தருகிறது என்று காட்டியுள்ளன. இறுக்கமான தசைக்கு வலுவூட்டும் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது என்பது தெரிந்துவிட்டது. விறைத்த தசை பெரும்பாலும் வலுவிழந்த தசையாகவும் இருப்பதால் அதற்கு உழைப்பு கொடுக்கத்தான் வேண்டும்.

வீட்டில் இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அவன் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படியும் உயரத்தில் ஒரு முக்காலி வேண்டும். எதிரே ஒரு மேசையில், உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாத தொலைவில், அவனுக்கு மிகவும் பிடித்த பொம்மையை வையுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்து, முழங்காலின் மேல் உங்கள் கையை வைத்துக் குதிகால் எழும்பாதபடி கீழ்நோக்கி இலேசாக அழுத்துங்கள். அதற்கு மேல் உதவ வேண்டாம். அவன் முன்னால் சாய்வான், மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும், அந்தக் கணத்தில் இடுப்பு முக்காலியை விட்டு எழும். முதல் சில நாள் மேசையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் எழுவான், பாதி வழியில் பொத்தென்று உட்காருவான். உட்காரட்டும். இது எளிதாகிவிட்டால் முக்காலியின் உயரத்தை இரண்டு விரற்கடை குறையுங்கள். தொடையும் இடுப்பும் அப்போதுதான் இன்னும் வலுப்பெறும்.

நீட்டுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நிமிடங்கள் கையால் நீட்டிவிடுவதன் பலன் நிலைப்பதில்லை. கெண்டைக்காலுக்கு நீண்ட நேர நீட்சி தேவைப்படுகிறது. கணுக்கால் தாங்கி அணிவதும், கணுக்கால் இறுகத் தொடங்கியிருந்தால் சில வாரங்களுக்கு மாவுக்கட்டு போட்டு அதை அவ்வப்போது மாற்றிச் சிறிது சிறிதாகக் கோணத்தைக் கூட்டுவதும் அதற்கான வழிகள். போட்டுலினம் ஊசி போட்டால் விறைப்பு சுமார் மூன்று மாதங்களுக்குத் தளர்ந்திருக்கும். அந்த மாதங்களில் மேற்சொன்ன பயிற்சிகளைத் தீவிரமாகச் செய்யாவிட்டால் ஊசியின் பயனில் பெரும்பகுதி வீணாகிவிடும். உங்கள் மருத்துவரிடம், “இந்த மூன்று மாதத்தில் என் மகன் தானாகச் செய்யப்போகும் ஒரே ஒரு செயல் எது?” என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் மருத்துவரை மாற்றுவதில் தவறில்லை.

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது நெருங்குகிறது. அவள் நடப்பாளா? யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

பதில்: நேராகச் சொல்லத்தக்க கேள்விதான் இது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997-இல் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளை இயக்கத்திறனின்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாட்டை வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தை நடக்கும், ஓடும். மூன்றாம் நிலைக் குழந்தை நடைவண்டியோ ஊன்றுகோலோ பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிறுத்துவதற்கே உதவி தேவைப்படும். 2002-இல், 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ஒவ்வொரு நிலையிலும் இயக்கத்திறன் எந்த வயதில் எவ்வளவு வளர்கிறது என்பதை வரைபடமாகவே கொடுத்தார்கள். முதல் நிலைக் குழந்தைகள் ஏறக்குறைய ஐந்து வயதுக்குள்ளும், ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளும் தமக்கு எட்டக்கூடிய திறனில் 90 விழுக்காட்டைத் தொட்டுவிடுகிறார்கள். முதல் சில ஆண்டுகளில் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

இரண்டு வயதுக்குள் கையை ஊன்றாமல் தானாக உட்காரும் குழந்தை பிற்பாடு நடப்பதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் குறித்த நிலை பின்னர் மாறவும் கூடும் என்பதால், இப்போது ஒரு முறையும் இரண்டு வயது நிறைந்த பின் ஒரு முறையும் மதிப்பிடச் சொல்லுங்கள். எந்த நிலையாக இருந்தாலும், நகர்வதற்கு ஒரு வழி அவளுக்கு இப்போதே வேண்டும். நடைவண்டியோ சக்கர நாற்காலியோ கொடுத்தால் நடக்கும் ஆசை போய்விடும் என்று எண்ணி அதைத் தள்ளிப்போடாதீர்கள். தன் விருப்பப்படி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக முடிகிற குழந்தையின் அறிவும் ஆர்வமும் அதனாலேயே வளர்கின்றன.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட என் ஆறு வயது மகன் வலது கையைப் பயன்படுத்துவதே இல்லை. நல்ல கையைக் கட்டிவைத்துப் பழக்கலாம் என்கிறார்களே, அது கொடுமை இல்லையா?

பதில்: நாள் முழுக்கக் கட்டிவைத்தால் கொடுமைதான். முறையாகச் செய்யும்போது நல்ல கைக்கு மெல்லிய கையுறை ஒன்றை மாட்டி, விளையாட்டின் பெயரால் குறிப்பிட்ட நேரம் மட்டும் அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள்; மற்றக் கைக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம். நல்ல கையைத் தடுக்காமல், இரண்டு கைகளும் சேர்ந்தாலொழிய முடியாத வேலைகளைக் கொடுத்துப் பழக்கும் முறையும் உண்டு. இரண்டையும் ஒரே அளவு நேரம் செய்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கையுறையைக் கண்டாலே மிரளும் குழந்தைக்கு இரண்டாவது முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். என்னிடம் வந்த ஒரு சிறுவன் பல மாதங்கள் பயிற்சியை மறுத்துவந்தான். ஒரு நாள் மூடி இறுகிய பாட்டில் ஒன்றில் வண்ணக் கூழாங்கற்களைப் போட்டு அவன் முன் வைத்தேன். இடக் கையால் மூடியைத் திருகினான், பாட்டில் சுழன்றது. கூழாங்கல்லின் மீதிருந்த ஆசையில், தன்னையறியாமல் வலக் கையை எடுத்துப் பாட்டிலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

கேள்வி: நான்காம் நிலையில் இருக்கும் எங்கள் ஐந்து வயதுக் குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். வலி எதுவும் இல்லாதபோது எதற்கு?

பதில்: கட்டாயம் எடுங்கள். தொடையின் உள்பக்கத் தசைகளின் இழுப்பாலும், நின்று நடக்காததாலும் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தை விட்டு ஓசையின்றி விலகத் தொடங்கும். வலி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பெருமூளை வாதம் உள்ள மொத்தக் குழந்தைகளில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும், ஐந்தாம் நிலையில் 90 விழுக்காட்டினருக்கும் இந்த விலகல் இருந்தது. பந்தின் 30 விழுக்காட்டுக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே தெரிந்தால் எலும்பு அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சியால் மட்டும் இதைத் தடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், என் துறையைச் சேர்ந்தவரே சொன்னாலும், நம்ப வேண்டாம்.

கேள்வி: உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்தால் குணமாகும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். கனடாவில் 111 குழந்தைகளிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் பெற்றவர்களும் சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவுதான் முன்னேறினார்கள்.

கேள்வி: நான் ஒரு பாட்டி. நான்கு வயதுப் பேரனை நான் எப்போதும் தூக்கிக்கொண்டே இருப்பதால்தான் அவன் முயல்வதில்லை என்று மகள் கோபித்துக்கொள்கிறாள். பிள்ளை சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி அம்மா சும்மா இருப்பது?

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வது சரி, உங்கள் மனம் பதைப்பதும் சரி. தூக்குவதை நிறுத்த வேண்டாம், சற்றுத் தாமதப்படுத்துங்கள். அவன் கைநீட்டியதும் நீங்களும் கைகளை நீட்டுங்கள், ஆனால் தொடாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஓர் அசைவைத் தொடங்கவே நம்மைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. நாம் மூன்று எண்ணுவதற்குள் தூக்கிவிடுகிறோம். அந்த பத்துக்குள் அவன் தலையை உயர்த்தலாம், ஒரு முழங்காலை ஊன்றலாம், உங்கள் சேலையைப் பிடித்துப் பாதி எழலாம். எவ்வளவு தூரம் அவன் வருகிறானோ அங்கிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். சட்டை போடும்போதும் அப்படியே: கையை நீங்களே நுழைத்துவிடாமல், சட்டைக் கையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவன் விரல்கள் மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை காத்திருங்கள்.