நுரையீரல் சின்னதா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். மகனுக்கு 17 வயது, 168 செ.மீ. உயரம். காற்பந்துத் தேர்வில் மூச்சு ஊதிப் பார்த்தபோது 4.1 லிட்டர் வந்தது. 188 செ.மீ. உயரமுள்ள வாட்டர் போலோ பையன் ஒருவன் 5.9 ஊதினான். "உனக்கு நுரையீரல் சின்னது" என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். 300 ரிங்கிட்டுக்கு மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கலாமா? ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் இருமுவான், மற்றபடி ஒன்றுமில்லை.

பதில்: அம்மா, உயரத்தில் 20 செ.மீ. கூடினாலே மூச்சின் அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர் கூடிவிடும். போதாததற்கு, ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். உங்கள் மகனின் உயரத்துக்கு 4.1 குறைவே இல்லை. ரிப்போர்ட்டில் வேறொன்றைப் பாருங்கள்: ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியிலேயே எத்தனை பங்கு வெளியேறியது? இந்த வயதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது.

குழு விளையாட்டுக்காரர்களை ஒப்பிட்டவர்கள் வாட்டர் போலோ ஆட்டக்காரர்களுக்கே பெரும்பாலும் கூடுதல் அளவு கண்டிருக்கிறார்கள். கழுத்தளவு நீரில் நெஞ்சை அழுத்தும் தண்ணீரை எதிர்த்து மூச்சிழுப்பதும், சிறு வயது முதல் நீந்துவதும் காரணமாகலாம். பெரிய நுரையீரல் உள்ளவர்களே அந்த ஆட்டத்தில் நிலைக்கிறார்கள் என்பதும் உண்டு. காற்பந்தில் அப்படி இல்லை. அங்கே ஓட்டத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதுதான். முழு வேகத்தில் ஓடும்போதும் ஆரோக்கியமான நுரையீரலில் இருப்பு மிச்சமிருக்கும். அந்தக் கருவி மூச்சுத் தசைகளுக்கு வலுவூட்டலாம், நுரையீரலைப் பெரிதாக்காது. 300 ரிங்கிட்டுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய இருமல். ஓடி நின்ற 5 முதல் 15 நிமிடத்தில் இருமலோ நெஞ்சிறுக்கமோ மூச்சில் விசில் சத்தமோ வந்தால், உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வில் ஊதினால் இது தெரியாமல் போகலாம். கிளினிக்கில் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு, ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் சந்தேகம் உறுதியாகும். டாக்டர் சொன்னால் ஆடுவதற்குச் சுமார் 15 நிமிடம் முன்பு மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமால் இன்ஹேலர் எடுத்துக்கொள்ளலாம். அளவு மீறாத வரை ஊக்கமருந்து விதிகளும் அதைத் தடுப்பதில்லை. புகைமூட்ட நாளில், காற்று மாசுக் குறியீடு (ஏபிஐ) 100ஐத் தாண்டினால், திடல் பக்கமே அனுப்பாதீர்கள். பயிற்றுநர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.